குழந்தைக்கு பாலியேட்டிவ் கேர் தொடங்கினால், குடும்பத்தில் யார் எதைப் பார்ப்பது?

என் அக்கா மகளுக்கு ஆறு வயதில் மூளையில் கட்டி. இனி குணப்படுத்த வழியில்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகு ஏழு மாதம் எங்களோடு இருந்தாள். அதில் முதல் இரண்டு மாதம் முழுக்கக் குழப்பத்திலேயே போனது. உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை, வேண்டிய அளவு இருந்தார்கள். ஆனால் வந்த எல்லாரும் அக்காவிடமே போய் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்கள், அதற்குப் பதில் யோசிப்பதே அக்காவுக்குத் தனி வேலையாகிவிட்டது.

ஒரு மாலை அவள் அம்மா மடியில் படுத்திருந்தாள். அக்கா போனில் ஐந்தாவது ஆளிடம் அன்றைய ஸ்கேன் விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை கண்ணைத் திறக்காமலே, "அம்மா, இதையே எத்தனை தடவை சொல்லுவ?" என்றாள். அன்று ராத்திரி அக்கா தன் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். அப்படித்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன்.

இது பெற்றோருக்காக எழுதியதைவிட, பெற்றோருக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களுக்காக எழுதியது. சித்தி, மாமா, அத்தை, பெரியப்பா, நெருங்கிய தோழி, யாராகவும் இருக்கலாம். சட்டமும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறும், மருந்தின் அளவை உங்கள் மருத்துவக் குழு மட்டும்தான் சொல்லவேண்டும். மற்றபடி நாங்கள் தடுக்கி விழுந்த இடங்கள் எல்லாக் குடும்பத்துக்கும் பொது.

1. "பாலியேட்டிவ்" என்றால் கைவிடுவது என்ற எண்ணத்தை முதலில் எடுத்துப் போடுங்கள்

பாலியேட்டிவ் கேர் என்பது வலியையும் மற்றத் தொல்லைகளையும் குறைத்து, குழந்தையையும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிக்கும் மருத்துவப் பராமரிப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதனாலேயே பாலியேட்டிவ் குழுவைப் பார்ப்பதை ஆறு வாரம் தள்ளிப்போட்டோம், அந்த ஆறு வாரமும் குழந்தை தேவையில்லாத வலியோடு இருந்தாள். உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் பராமரிப்பு நோய் கண்டறிந்த நாளிலிருந்தே தொடங்கலாம், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கூடவே தொடரும். கீமோ எடுத்துக்கொண்டே இந்தக் குழுவிடமும் போகலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை விடவேண்டும் என்பது இல்லை.

ஹாஸ்பிஸ் என்பது பெரும்பாலும் நோயின் பிந்தைய கட்டத்துக்கான சேவை. அது ஒரு கட்டடமாக இருக்கலாம், வீட்டுக்கு வரும் நர்ஸ் குழுவாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கான ஹாஸ்பிஸ்களில் பல, பெற்றோர் கொஞ்சம் தூங்கி எழட்டும் என்று குழந்தையைச் சில நாட்கள் வைத்துப் பார்த்துக்கொண்டு திருப்பி அனுப்பும். அங்கே போனால் திரும்பி வரமுடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டாக்டர் தானாகச் சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த சந்திப்பிலேயே, "குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் குழுவுக்கு எங்களை அனுப்பிவையுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். இன்று பெயர் கொடுத்துவைப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

2. ஒருங்கிணைக்க ஒரே ஒரு ஆள், அது பெற்றோராக இருக்கக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அம்மாவும் அப்பாவும் அம்மா அப்பாவாக மட்டும் இருக்க வேண்டும். போன், ஃபைல், மருந்துக் கடை, இன்ஷூரன்ஸ், யார் எப்போது வருவது, இதெல்லாம் வேறொருவர் கையில்.

யார் பொருத்தம்? ராத்திரியில் போனை எடுக்கக்கூடியவர், பெற்றோர் தயங்காமல் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர். வயதும் படிப்பும் இரண்டாம் பட்சம். பாசம் அதிகம் உள்ளவர்தான் சரி என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள், ஆனால் பெற்றோர் யாரிடம் வாய்விட்டு எரிந்து விழ முடியுமோ அவர்தான் சரியான ஆள் என்பது என் அனுபவம். கூடவே இரண்டாவது ஆள் ஒருவரையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தபோது எதுவும் நிற்காமல் நடந்ததற்கு அத்தானின் தம்பி எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்ததுதான் காரணம்.

உடனே செய்ய வேண்டியவை:

ஒன்று, எழுத்து மூலமான அனுமதி. குழந்தையின் விவரங்களை மருத்துவமனை சித்தியிடமோ மாமாவிடமோ சொல்லாது, சொல்லவும் கூடாது. "இவரிடம் என் குழந்தையின் சிகிச்சை விவரங்களைப் பேசலாம்" என்று இரண்டு பெற்றோரும் கையெழுத்திட்ட கடிதம் ஃபைலில் போய்ச் சேர வேண்டும். மருத்துவமனை, வீட்டுக்கு வரும் குழு, இன்ஷூரன்ஸ் நிறுவனம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக. நான் இதைச் செய்யாமல் போய் ஒரு முழு நாள் கவுன்டர் கவுன்டராக அலைந்தேன்.

இரண்டு, ஒரே செய்தி. தினமும் மாலை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உறவினர் குழுவுக்கு மூன்று வரி அனுப்புங்கள். இன்று எப்படி இருந்தாள், நாளை என்ன, என்ன உதவி தேவை. அவ்வளவுதான். பதிலுக்கு அக்காவைக் கூப்பிட வேண்டாம் என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். அனுப்புவதற்கு முன் பெற்றோரில் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், ஏனென்றால் எதைச் சொல்லலாம் என்ற உரிமை அவர்களுடையது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொஞ்ச நாளில் ஒருங்கிணைப்பவரே முடிவெடுக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை குழந்தை களைப்பாக இருக்கிறாள் என்று நானே ஒரு பிசியோதெரபி சந்திப்பை ரத்து செய்துவிட்டேன். அன்று காலையிலிருந்து அவள் அந்தத் தெரபிஸ்ட் அக்காவுக்குக் காட்ட ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். என்னிடம் யாரும் கோபப்படவில்லை, அந்தப் படம் மட்டும் மேஜையிலேயே கிடந்தது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சின்ன விஷயமாக இருந்தாலும்.

3. ஃபைலின் முதல் பக்கம்

டிஸ்சார்ஜ் சம்மரி பன்னிரண்டு பக்கம் இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு வரும் ஆம்புலன்ஸ்காரர் அதைப் படிக்க மாட்டார். ஒரே பக்கத்தில் இவை இருக்கட்டும்: பெயர், பிறந்த தேதி, நோயின் பெயர், கடைசியாக எடுத்த எடையும் எடுத்த தேதியும், ஒவ்வாமை, இப்போது கொடுக்கும் மருந்துகள், உடலில் பொருத்தியிருக்கும் குழாய்கள், முதலில் அழைக்க வேண்டிய எண், குழந்தையால் பேச முடியாவிட்டால் வலியை எப்படிக் காட்டுவாள் என்று ஒரு வரி. எடை எதற்கு என்றால், குழந்தைகளுக்கு மருந்து கிலோ கணக்கில்தான் தீர்மானிக்கப்படும். ஐந்து மாதத்துக்கு முந்தைய எடையை வைத்துக்கொண்டு யாரும் சரியான டோஸ் சொல்ல முடியாது. முடிந்தால் இந்தப் பக்கத்தைக் குழுவிலுள்ள டாக்டரையோ நர்ஸையோ சரிபார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

அதற்குப் பின்னால் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டுகளின் நகல், அவசரத் திட்டம், இன்ஷூரன்ஸ் தாள்கள், பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோரின் அடையாள அட்டை நகல், வாடகைக்கு எடுத்த கருவிகளின் ரசீது. மொத்தம் மூன்று செட். ஒன்று கட்டில் பக்கத்தில், ஒன்று பையில், ஒன்று உங்கள் வீட்டில். முதல் பக்கத்தின் போட்டோ எல்லார் போனிலும். மருந்து மாறிய அன்றே பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய தேதியோடு எழுதுங்கள். பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒன்றாகக் கிடப்பது, பக்கமே இல்லாததைவிட ஆபத்து.

4. மருந்து: இங்கே நிதானமாகப் படியுங்கள்

மார்ஃபின் என்பது கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்து. எங்களுக்கு வந்த முதல் மார்ஃபின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு (மில்லிலிட்டருக்கு) 2 மில்லிகிராம். அவளுக்கு 2 மில்லி, அதாவது 4 மில்லிகிராம். எல்லாரும் "ரெண்டு மில்லி, ரெண்டு மில்லி" என்றே பழகிவிட்டோம். ஒரு மாதம் கழித்து வேறு கடையில் வாங்கிய பாட்டில், அதே அளவு, அதே மாதிரி மூடி. ராத்திரி அத்தான் சிரிஞ்சில் 2 மில்லி இழுத்துவிட்டார். லேபிளைச் சத்தமாகப் படிக்கும் பழக்கம் நான் வைத்திருந்ததால் படித்தேன்: ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். பத்து மடங்கு. அவர் கை அப்படியே நின்றது. சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அப்புறம்தான் குழுவின் இரவு எண்ணைக் கூப்பிட்டோம்.

அதனால், மருந்தை மில்லியில் மட்டும் பேசாதீர்கள். எப்போதும் "இத்தனை மில்லிகிராம், இந்தப் பாட்டிலில் இத்தனை மில்லி" என்று இரண்டையும் எழுதுங்கள், சொல்லுங்கள். புதுப் பாட்டில் வந்தால் கடையிலேயே செறிவைக் கேட்டுப் பழைய பாட்டிலோடு ஒப்பிடுங்கள். கொடுக்கும்போது ஒருவர் இழுக்க, இன்னொருவர் லேபிளையும் சிரிஞ்சையும் பார்க்கட்டும். தனியாக இருந்தால் சத்தமாகப் படியுங்கள், அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் படியுங்கள்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாள், கொடுத்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், இப்படி இரண்டு பேச்சு எல்லா வீட்டிலும் வரும். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் அடிமைப் பழக்கத்தை உண்டாக்குவது மிக அரிது. உடல் அதற்குப் பழகும் என்பது உண்மை, ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள். முதல் சில நாட்கள் தூக்கம் அதிகமாக வரும், பிறகு பெரும்பாலும் குறையும். மலச்சிக்கல் மட்டும் தானாகச் சரியாகாது. அதற்கான மருந்தை மார்ஃபினோடு சேர்த்தே எழுதியிருக்கிறார்களா என்று முதல் நாளே பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். எங்கள் பிள்ளை அழுத அழுகையில் பாதி கட்டியால் வந்தது என்று நினைத்தோம், உண்மையில் அது வயிறு.

சாதாரண மார்ஃபின் திரவத்தின் பலன் சுமார் 4 மணி நேரம்தான். வலி வந்தபின் கொடுப்பது என்றில்லாமல் மணிக்கணக்கு வைத்துக் கொடுக்கச் சொல்வது அதனால்தான். இடையில் வலி குத்தினால் கூடுதலாக எவ்வளவு, எத்தனை முறை என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடித்துக் கரைக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் பழைய கோடீன் சிரப் வீட்டில் இருந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள். அது உடலுக்குள் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்யும், அந்த மாற்றம் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் பெரிதும் வேறுபடும். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 12 வயதுக்குக் கீழ் வலிக்குக் கோடீன் கொடுக்கவே கூடாது என்று சொன்னதும் அதனால்தான்.

வலியை அளக்க ஒரு முறை வேண்டும். மூன்று வயதுக்கு மேற்பட்ட, பதில் சொல்லக்கூடிய பிள்ளைக்கு ஆறு முகங்கள் வரைந்த அட்டை, சிரித்த முகம் 0, அழும் முகம் 10. சொல்ல முடியாத பிள்ளைக்கு ஃப்ளாக் (FLACC) என்ற முறை: முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. நர்ஸிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு நோட்டில் நேரம், எண், கொடுத்த மருந்து, அரை மணி கழித்து எண். "நேற்று ராத்திரி ரொம்ப வலி" என்று சொன்னால் டாக்டரால் எதுவும் செய்ய முடியாது, "இரண்டு மணிக்கு 8, கூடுதல் டோஸுக்குப் பிறகு 6" என்றால் உடனே மாற்றி எழுதுவார்.

மருந்து தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பற்றி ஒன்று. இந்த வகை மருந்துகளுக்குச் சீட்டு கட்டுப்பாடு உண்டு, எல்லாக் கடையிலும் இருப்பும் இருக்காது. ஒரு வாரத்துக்கான மருந்து மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டு கேளுங்கள், விடுமுறை வந்தால் இன்னும் முன்னால். பயணம் போனால் டாக்டர் கடிதம் கட்டாயம். வீட்டில் பூட்டி வையுங்கள், மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. அவசரத் திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள்

இது பேசக் கடினமான பகுதி. வலிப்பு வந்தால் என்ன, மூச்சுத் திணறினால் என்ன, எதற்கு மருத்துவமனை, எதற்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்வது, இதயம் நின்றால் மீட்க முயல்வதா வேண்டாமா. நல்ல குழு இதை ஒரே நாளில் முடிக்காது, இரண்டு மூன்று சந்திப்பில் மெதுவாகக் கொண்டுபோகும். இரண்டு பெற்றோரும் சேர்ந்து இருக்கும்படி நேரம் வாங்குவது உங்கள் வேலை. ஒருவர் மட்டும் கேட்டுவந்து மற்றவரிடம் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும், எங்கள் வீட்டில் வந்தது.

மீட்பு முயற்சி வேண்டாம் என்று முடிவானால், உங்கள் ஊரில் செல்லுபடியாகும் படிவத்தில் டாக்டர் கையெழுத்தோடு அது இருக்க வேண்டும், அசல் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். தாள் கையில் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் குழு பொதுவாக எல்லாவற்றையும் செய்யத்தான் செய்யும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்றும் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: எழுதியதை எந்த நாளிலும் மாற்றலாம். அது தெரிந்த பிறகுதான் அக்கா பேனாவையே தொட்டாள்.

வீட்டில் ஆக்சிஜன் கருவியோ சளி உறிஞ்சும் கருவியோ இருந்தால், மின்சாரம் போனால் என்ன என்பதும் இதே திட்டத்தில் வரவேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மின்சாரம் இல்லாமல் ஓடாது, மாற்றாக ஒரு சிலிண்டர் வேண்டும், அது எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

6. பணம்

எல்லாரும் மருந்துச் செலவைத்தான் கணக்குப் போடுவார்கள். எங்கள் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் மருந்தைவிட அதிகம் போனது வேறு வழிகளில்: அத்தானின் சம்பளமில்லா விடுப்பு, போக்குவரத்து, டயப்பர், குழாய், பஞ்சு, கருவி வாடகை, கருவிக்கான முன்பணம், மின்கட்டணம், மூத்தவனை, அதாவது அவள் அண்ணனை, பார்த்துக்கொள்ள வைத்த ஆள். ஆகவே முதல் வாரத்திலேயே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். எந்த உதவித்தொகைக்கு யார் தகுதி, எந்தப் படிவம், யார் கையெழுத்து என்பது டாக்டருக்கே தெரியாத அளவு அவருக்குத் தெரியும்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் வீட்டுப் பராமரிப்பும் கருவி வாடகையும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள், முன்அனுமதி தேவையென்றால் கருவி வாங்குவதற்கு முன்பே. வாங்கியபிறகு கேட்டால் பெரும்பாலும் மறுப்புதான். அலுவலக விடுப்புக்கு டாக்டரின் கடிதம் வேண்டும், அதில் "தொடர் பராமரிப்பு தேவை" என்று ஒரு கால அளவோடு இருந்தால் ஒவ்வொரு மாதமும் புதிதாக வாங்கும் அலைச்சல் குறையும். ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள், மாதத்துக்கு ஓர் உறை.

இணையத்தில் பணம் திரட்டுவதாக இருந்தால் குழந்தையின் படம் போடுவதற்கு முன் பத்து தடவை யோசியுங்கள். அந்தப் படம் திரும்பி வராது. பிள்ளைக்குப் புரியும் வயதென்றால் அவளிடமே கேட்க வேண்டும். நாங்கள் படமில்லாமல், பெயரில்லாமல், தெரிந்தவர்களுக்குள் மட்டும் திரட்டினோம். குறைவாகத்தான் வந்தது, வருத்தமில்லை.

7. கூடப்பிறந்த பிள்ளையை யாராவது ஒருவர் முழுநேரமாகப் பாருங்கள்

மூத்தவனுக்கு ஒன்பது வயது. சமர்த்தாக இருக்கிறான், தொந்தரவே இல்லை என்று எல்லாரும் மெச்சினோம். ஒரு நாள் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது, தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "சித்தி, நான் அவளை சைக்கிள்ல இருந்து தள்ளிவிட்டேன்ல, அதனாலதானே தலையில கட்டி வந்துச்சு?" இரண்டு வருடம் முந்தைய விஷயம். எத்தனை மாதமாக அதைச் சுமந்துகொண்டிருந்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பிள்ளைகள் இப்படித்தான் நினைப்பார்கள், தாங்கள் செய்ததாலோ மனதில் நினைத்ததாலோ நோய் வந்துவிட்டது என்று. கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே சொல்லிவிட வேண்டும்: இது யார் செய்ததாலும் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, உனக்கு வராது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பதே பெரும்பாலும் புரியாது, பல தடவை கேட்கும், பல தடவை அதே பதிலைச் சொல்ல வேண்டும். "தூங்கிவிட்டாள்", "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலாவதைக் கேட்ட பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்ட பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "இறந்துவிட்டாள், அவள் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வலிக்காது" என்பது கேட்கக் கடுமையாக இருந்தாலும் பிள்ளைக்கு அதுதான் பிடிமானம்.

வகுப்பு ஆசிரியருக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது, பிள்ளைக்கு எதுவரை தெரியும், அழுதால் யாரை அழைப்பது. அப்புறம், தினமும் ஒரு மணி நேரமாவது அவனுக்கென்று அம்மாவோ அப்பாவோ இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு மணி நேரம் நோயாளிப் பிள்ளையின் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

நோயாளிப் பிள்ளையும் கேள்வி கேட்பாள். "நான் செத்துப்போவேனா?" என்று கேட்டால் பேச்சை மாற்றாமல் "ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று முதலில் கேளுங்கள், எதைப் பற்றிப் பயம் என்பது அதில் வரும். எங்களிடம் அவள் கேட்டது, "அப்போ அம்மா கூடவே இருப்பாங்களா?" என்பதுதான். அதற்கு உண்மையாக ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

8. உதவ வருபவர்களுக்குக் குறிப்பான வேலை கொடுங்கள்

"ஏதாவது வேண்டும்னா சொல்லுங்க" என்பவரிடம் அந்த நிமிடமே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை துணி துவைக்க, வியாழக்கிழமை மூத்தவனைக் கூட்டிவர, ஞாயிறு இரவு ஒன்பது முதல் இரண்டு வரை விழித்திருக்க. ஒரு தாளில் நாள், வேலை, பெயர். உறவுக்காரர்களில் ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்தால் உயிரைக் கொடுத்துச் செய்பவர்கள் நிறைய, சொல்லாவிட்டால் கூடத்தில் உட்கார்ந்து அழுவார்கள்.

இரவுக் காவலை முதலில் நிரப்புங்கள். பெற்றோர் இருவரும் ஒரே ராத்திரியில் விழித்திருக்க விடக் கூடாது. பார்வையாளர்களுக்கு நேரம் வையுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு பேர், இருபது நிமிடம், சளி இருமல் இருந்தால் வேண்டாம். வேறு வைத்தியம், வேறு மருந்து என்று யோசனையோடு வருபவர்களை உங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள். "குழுவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டு உண்மையாகவே குழுவிடம் கேளுங்கள், ஏனென்றால் சிலது மருந்தோடு மோதும்.

அப்பாக்களை மறந்துவிடுவோம். அத்தானிடம் எல்லாரும் கேட்டது "அக்கா எப்படி இருக்காங்க?" என்றுதான். அவரோடு வெறுமனே நடந்துபோக ஒருவரை ஏற்பாடு செய்தோம், அது பெரிய உதவியாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

9. கடைசி நாட்கள்

எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் பார்ப்பதுதான் பயம். சாப்பிடுவதும் குடிப்பதும் குறையும், தூக்கம் கூடும், கையும் காலும் குளிரும், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும், மூச்சுக்கு நடுவே இடைவெளி வரும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பார்ப்பவருக்குத் தரும் வேதனை அளவுக்குக் குழந்தைக்குத் தருவதில்லை என்பார்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள், புரையேறும். உதட்டையும் வாயையும் ஈரப் பஞ்சால் நனைத்தால் போதும். பேச்சு காதில் விழுகிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள், ஆகவே பணப் பேச்சு, இறுதிச் சடங்குப் பேச்சு எல்லாம் வேறு அறையில்.

வீட்டிலேயே இறந்தால் யாரை அழைப்பது, யார் சான்றளிப்பார், எத்தனை மணிக்குள் வருவார் என்று பெயரும் எண்ணுமாக முன்பே எழுதி வாங்குங்கள். இது தெரியாமல் அவசர எண்ணை அழைத்தால் சில இடங்களில் போலீஸ் விசாரணை வரை போய்விடும். மரணம் எதிர்பார்த்ததுதான் என்று குழு எழுதிக் கொடுக்கும் கடிதம் ஃபைலில் இருந்தால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் வராது.

கைரேகை, கால் அச்சு, குரல் பதிவு இதெல்லாம் வேண்டுமா என்று பெற்றோரைக் கேளுங்கள், நல்ல நாட்களிலேயே எடுத்துவிடுங்கள். நாங்கள் அவள் கை அச்சை அண்ணன் கை அச்சின் மேலே வைத்து எடுத்தோம், அவளுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது, நீல நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

10. அதன் பிறகு

அவசரம் ஒன்றுமில்லை. குழந்தையோடு பெற்றோர் வேண்டிய நேரம் இருக்கட்டும், டாக்டர் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று யாரும் பரபரக்காதபடி வாசலில் நீங்கள் நில்லுங்கள். மூத்த பிள்ளை பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது.

டாக்டர் தரும் மரணச் சான்றைக் கொண்டு பதிவு செய்ய நாடு தோறும் ஒரு காலக்கெடு உண்டு, முதல் இரண்டு நாளில் கேட்டுக் குறித்துவிடுங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி எல்லாம் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள், பின்னால் திருத்துவது பெரும்பாடு. சான்றளித்த நகல் குறைந்தது ஐந்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸ், பள்ளி, உதவித்தொகை அலுவலகம், ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள். வரவிருக்கும் சந்திப்புகளை எல்லாம் ரத்து செய்துவிடுங்கள். எங்களுக்குப் பதினைந்தாம் நாள் "நாளை உங்கள் குழந்தைக்கு ஸ்கேன்" என்று குறுஞ்செய்தி வந்தது, அதுவும் அக்கா போனுக்கு.

மிச்சமுள்ள மார்ஃபினை எண்ணி, மருந்துக் கடையிலோ குழுவிடமோ திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கருவிகளைத் திருப்பி முன்பணத்தை வாங்குங்கள். கட்டிலையும் கருவியையும் எடுப்பதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள். சிலருக்கு அன்றே போய்விட வேண்டும், அக்காவுக்கு ஒன்பது நாள் தேவைப்பட்டது.

பாலியேட்டிவ் குழுக்கள் பலவற்றில் இறப்புக்குப் பிறகும் குடும்பத்தோடு தொடர்பில் இருப்பார்கள், கூடப்பிறந்த பிள்ளைகளுக்கென்றே ஆலோசகர் இருப்பதுண்டு. அவர்கள் எண்ணைப் பெற்றோர் கையில் கொடுத்தால் அழைக்க மாட்டார்கள், முதல் சந்திப்பை நீங்களே பதிவு செய்து கூட்டிப்போங்கள். முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும், மூன்றாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆகவே வேலைப் பட்டியல் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் தேதிகளை எழுதுங்கள்: மூன்றாம் மாதம், பள்ளி திறக்கும் நாள், அவள் பிறந்தநாள், அவள் போன நாள். ஒவ்வொரு தேதிக்கும் நேரே அன்று யார் வீட்டுக்குப் போவது என்று ஒரு பெயர் எழுதி, அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.